கடுமையான மேலாளரின் கீழ் பதவி உயர்வு: கேட்கலாமா, கூடாதா?



பொட்டிபுரம், போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து விடியுமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டு, போடிமெட்டு, கம்பம்மெட்டுச் சாலைகளில் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. மலையில் பறித்து உலர்த்திய காய் கீழிறங்கி, போடியின் கிடங்குகளில் சலித்துத் தரம்பிரிக்கப்பட்டு ஏலத்திற்குச் செல்கிறது. இத்தொழிலின் ஒவ்வொரு படியிலும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு; அவருக்கு மேலே ஒரு மேலாளர் உண்டு. மேற்பார்வையாளர் இடம் காலியாகும்போதெல்லாம் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: மேலாளரோ கடுகடுப்பானவர், அவரின் கீழ் அந்த உயர்வைக் கேட்கலாமா, இருக்கிற வேலையோடு இருந்துவிடலாமா?

இதற்கு நம்மிடையே இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "பதவியைக் கேட்டுப் பெறுவது மார்க்கத்திற்கு உகந்ததன்று, ஸப்ர் செய்து இருந்துகொள்" என்பது ஒன்று. "ரிஸ்க் தேடி வருகிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள், எல்லாரும் செய்வதைத்தானே நீயும் செய்யப்போகிறாய்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழை என்பதே என் வாதம். முதலாவது மார்க்கத்தின் பெயரால் சோம்பலை வளர்க்கிறது. இரண்டாவது ரிஸ்கின் பெயரால் மனச்சான்றை விற்கிறது.

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். தலைமையைக் கேட்டுப் பெற வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியது உண்மை. ஆனால் அந்த எச்சரிக்கை அதிகாரப் பசிக்கு எதிரானது, தகுதிக்கு எதிரானதன்று. திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயத்தில் யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றார்கள் அல்லவா? காத்துப் பேணும் நேர்மை, தொழில் அறிவு ஆகிய தம் தகுதிகள் இரண்டையும் வெளிப்படையாக எடுத்துரைத்தார்கள். அதற்கு முன்னரும் ஒரு செயல் நிகழ்ந்தது. சிறையிலிருந்து அரசன் அழைத்தவுடன் அவர்கள் ஓடிவிடவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். பெயர் துலங்கிய பிறகே பொறுப்பைக் கேட்டார்கள். பதவி கேட்பது இழுக்கு என்போர் இந்த வரலாற்றை எங்கே வைப்பார்கள்?

ஸப்ர் என்பது நீங்காத துன்பத்தைத் தாங்கும் வலிமை. நீக்கக்கூடிய துன்பத்தை நீக்காமல் இருப்பதற்கு அது போர்வையாகாது. தகுதியுள்ளவர் ஒதுங்கினால் அந்த நாற்காலி வெறுமனே கிடப்பதில்லை; தகுதியற்றவர் அதில் அமர்வார். அவரிடம் வேலை செய்யப்போகிறவர்களுள் ஒதுங்கியவரும் ஒருவர்.

இனி இரண்டாவது விடை. "எல்லாரும் செய்வதுதானே" என்று ஏறிக்கொண்டவரின் கதி என்னவென்று தோட்ட வரலாறே சொல்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டங்கள் எழுந்த காலத்தில், துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்றவர் கங்காணி. அவர் வேற்றாள் அல்லர். பெரும்பாலும் அத்தொழிலாளிகளின் ஊரார், உறவினர். இலங்கையில் வேலைக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே நோயாளியையும் மலையேற்றுவது அவருக்கு ஆதாயமாயிற்று. முன்பணக் கடனால் தொழிலாளி கட்டுண்டார். கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று தோட்டம் எழுதித் தந்த 'துண்டு' என்னும் சீட்டின் வழியே அந்தக் கடன் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறியது. 1921-இல்தான் அங்கே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணிகளுள் நல்லவர்களும் இருந்திருப்பர். ஆயினும் அந்தப் பதவியின் ஊதியமே பிறர் உழைப்பைப் பிழிவதிலிருந்து வந்தது. துரையின் கடுமை கங்காணியின் கைவழியேதான் தொழிலாளியின் முதுகை எட்டியது.

இங்கேதான் நாம் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். மேலாளர் கடுமையானவரா என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பதவியில் அமர்ந்தால் என் கை என்ன செய்ய வேண்டிவரும் என்பதே முதற்கேள்வி. மேலாளரின் சுடுசொல் என்னைச் சுடுகிறது என்றால், அது என் பொறுமைக்கு உரிய சோதனை. பறித்த காயின் எடையைக் குறைத்தெழுது, சிறு காயைப் பெருங்காயோடு கலந்துவிடு, சாயமேற்றியதைக் கண்டும் காணாதிரு என்று அவர் என்னை ஏவுவார் என்றால், அது என் ஈமானுக்கு உரிய சோதனை. அளவில் மோசடி செய்வோரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஓர் அத்தியாயம், 83-ஆவது, நம் வேதத்தில் இருக்கிறது. முதலாளி சொன்னார், நான் எழுதினேன் என்ற சாக்கு மறுமைத் தராசில் நிற்குமா?

கம்பம் பள்ளத்தாக்கின் இராவுத்தர் சமூகத்தில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தோர். அந்த மத்ஹபின் இரு பெருந்தூண்களே இவ்விஷயத்தில் இருவேறு வழிகளில் சென்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கலீஃபா மன்சூர் அளித்த காழி பதவியை மறுத்தார். அதற்காகச் சிறையை ஏற்றார். ஹிஜ்ரி 150-இல் பக்தாதில் மறைந்தார். அவருடைய தலைமாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அதே அப்பாஸிய ஆட்சியில் காழி பதவியை ஏற்று, ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காழியாக உயர்ந்தார். அங்கே அவர் வாய்மூடி இருக்கவில்லை. கலீஃபாவுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில், வரி தண்டுவோர் குடிமக்களை அடிப்பதையும் வெயிலில் நிறுத்துவதையும் கண்டித்தார். நேர்மையாளரையே அப்பணிக்கு அமர்த்துமாறு வலியுறுத்தினார். ஆசிரியரின் மறுப்பும் மாணவரின் ஏற்பும் நமக்கு முன்மாதிரிகளே.

ஆனால் மறுப்பை மட்டும் மேடைகளில் புகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இமாம் அபூஹனீஃபா பட்டு வணிகர். எவரிடமும் கையேந்தத் தேவையற்றவர். அபூயூசுஃப் வறிய குடும்பத்துப் பிள்ளை. ஆசிரியரின் பொருளுதவியால் கற்றவர். சொந்தக் கடையில் அமர்ந்திருப்பவர், கூலிக்குச் செல்லும் சகோதரனைப் பார்த்து "பதவி வேண்டாமென்று உதறிவிடு" என்பது எளிது. அந்தச் சகோதரனின் வீட்டு வாடகையும் மகளின் கல்லூரிக் கட்டணமும் அந்த அறிவுரையால் கட்டப்படுவதில்லை. உண்மையில் அக்கறை இருந்தால், அவன் மறுத்துவிட்டு வரும் நாளில் அவனைத் தாங்க ஜமாஅத்தில் ஒரு வட்டியில்லாக் கடன் நிதியை வைத்துவிட்டுப் பேசுங்கள்.

ஆகவே உயர்வை நாடுவோர் மூன்றைச் செய்ய வேண்டும் என்பேன். முதலாவது, அப்பதவியின் கடமைகள் எவை, எந்தக் கணக்கில் தம் கையொப்பம் விழும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இயன்றால் எழுத்தில் பெறுங்கள். முன்பு அந்த இடத்தில் இருந்தவர் ஏன் விலகினார் என்று அவரிடமே விசாரியுங்கள். இரண்டாவது, மேலாளரிடமோ முதலாளியிடமோ முன்பணம் வாங்காதீர்கள். கடன்பட்டவரின் நாவிலிருந்து 'முடியாது' என்ற சொல் எழுவதில்லை. துண்டுச் சீட்டின் வரலாறு கற்பிப்பது அதைத்தான். சில மாதச் செலவுக்கேனும் கையில் சேமிப்பு இருக்கட்டும். மூன்றாவது, எந்த இடத்தில் விலகுவோம் என்ற எல்லையை ஏறுவதற்கு முன்பே வகுத்துக்கொள்ளுங்கள். ஏறிய பின் அது நாளுக்கொரு சாணாக நகரும்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். மேலாளரின் 'கடுமை' என்பது உங்கள் மானத்தைத் தீண்டுவதாக இருந்தால், அது பொறுமைக்குரிய விஷயமே அன்று. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கும் முதலாளிமேலேயே புகார் உள்ளபோதும் மாவட்ட அளவில் குழு உண்டு. "குடும்ப கௌரவம்" என்று கூறி உங்களை மௌனமாக்குவோர் அநியாயக்காரனுக்கே துணைநிற்கின்றனர்.

இஸ்திகாரா தொழுங்கள், மஷூரா செய்யுங்கள். ஆனால் இஸ்திகாரா, விசாரித்து அறிய வேண்டியதை விசாரிக்காமலிருப்பதற்கு மாற்று அன்று. விசாரித்த பின், அந்தப் பதவியில் உங்கள் கை தூய்மையாக இருக்கும் என்று தெரிந்தால், மேலாளர் எவ்வளவு கடுகடுப்பானவராயினும் துணிந்து கேளுங்கள். உங்கள் தகுதியைக் கூசாமல் சொல்லுங்கள். தராசைச் சாய்க்கத்தான் உங்களை அழைக்கிறார்கள் என்று தெரிந்தால், எவ்வளவு இனிமையாகப் பேசும் மேலாளராயினும் அந்த உயர்வு வேண்டாம்.

தராசை நேராகப் பிடிக்கும் கைகளுக்கே பொறுப்புகளை வழங்கி, அக்கைகளுக்கு வலிமையையும் தந்தருள வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.