விழா மேடையும் மீதி நாட்களும்

மரபிசைக்கென எடுக்கப்படும் ஒரு விழாவில் அந்த மரபைக் காத்துவரும் உள்ளூர்க் குழுக்களுக்கு எந்த நேரமும் எந்த மேடையும் ஒதுக்கப்படுகின்றன என்பதைப் பார்த்தாலே, அவ்விழா யாருக்காக நடத்தப்படுகிறது என்பது விளங்கிவிடும். வெளியிலிருந்து வரும் புகழ்பெற்ற கலைஞருக்கு மாலைப் பொழுதும், மண்ணின் குழுக்களுக்குக் கூட்டம் சேராத பகல் வெயிலும் என்பது உலகின் பல விழாக்களில் எழுதப்படாத விதியாகவே இருந்துவருகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லஃபாயெட் நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடைபெறும் 'ஃபெஸ்டிவால் அகாடியன் எ கிரியோல்' விழா இந்த விதிக்கு விலக்கு. அரை நூற்றாண்டாக அப்பகுதியின் குழுக்களையே முதன்மைக் கலைஞர்களாகக் கொண்டு நடந்துவரும் இவ்விழாவின் வெற்றியும் குறையும், மரபிசை விழாக்களால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதற்குத் தெளிவான சான்றுகளாக அமைந்துள்ளன.

இந்த இசைக்கு இரண்டு மக்கள் பிரிவினர் உரிமையாளர்கள். இன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா எனப்படும் பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு வழிக் குடியானவர்களான அகாடியர்கள், 1755இல் தொடங்கி ஆங்கிலேயரால் நாடுகடத்தப்பட்டு, பல இடங்களில் அலைந்த பின் அவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறினர். அவர்களின் வழிவந்தோர் கேஜன் எனப்படுகின்றனர். அதே மண்ணில் பிரெஞ்சும் பிரெஞ்சு வழிக் கிரியோல் மொழியும் பேசி வாழ்ந்த கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் கிரியோல் எனப்படுகின்றனர். நிறவேறுபாடு சட்டமாகவே இருந்த காலத்திலும் இவ்விரு சாராரின் இசை ஒன்றோடொன்று கொண்டும் கொடுத்தும் வளர்ந்தது. கிரியோல் அக்கார்டியன் கலைஞரான அமெடே ஆர்டுவானும் வெள்ளையரான வயலின் கலைஞர் டென்னிஸ் மெக்கீயும் 1929இல் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டுகள் இருதரப்புக் கலைஞர்களுக்கும் இன்றளவும் பாடமாக இருக்கின்றன.

இம்மரபின் தன்மையை அதன் கருவிகளைக் கொண்டே அறியலாம். கேஜன் அக்கார்டியன் என்பது ஒற்றை வரிசையில் பத்துப் பொத்தான்கள் மட்டுமே கொண்ட சிறு துருத்திப் பெட்டி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தான். இதிலோ ஒரே பொத்தான் துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரத்தையும் இழுக்கும்போது வேறொரு சுரத்தையும் எழுப்புகிறது. எல்லா அரைச்சுரங்களும் இதில் கிடைப்பதில்லை என்பதால், வயலினில் வளைந்து நெளிந்து வந்த பழைய மெட்டுகள் இதற்கேற்பச் சுருங்கித் திருத்தம் பெற்றன. எனினும் ஒலிபெருக்கி இல்லாத நடனக் கூடங்களில், ஆடுவோரின் காலடி ஓசையையும் பேச்சையும் மீறி ஒலிக்கும் வலு இதற்கிருந்ததால், இது மேடையின் தலைமைக் கருவியாயிற்று. கிரியோல் மக்களின் சைடிகோ இசையிலோ, புளூஸ் இசையின் சாயலோடு, சலவைப் பலகையிலிருந்து வளர்ந்த தாளக் கருவி ஒன்று இடம்பெறுகிறது. சைடிகோவின் பெருங்கலைஞரான கிளிஃப்டன் ஷெனியே 1946இல் தந்த யோசனையின்படி, தோளில் மாட்டி மார்பில் தொங்கவிடும் நெளிதகடாக அது உருப்பெற்றது.

இத்தகைய வளமான இசை, அதைப் படைத்தவர்களுக்கே வெட்கத்துக்குரியதாக மாறியது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். 1921ஆம் ஆண்டின் லூசியானா அரசமைப்புச் சட்டம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தையே கல்விமொழியாக்கியதைத் தொடர்ந்து, பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். எண்ணெய்க் கிணறுகள் கொண்டுவந்த வேலைவாய்ப்பு ஆங்கிலம் அறிந்தோருக்கே முன்னுரிமை அளித்தது. வானொலி வழியே நாட்டு இசை எனப்படும் அமெரிக்க வெகுமக்கள் இசை பரவ, 1930களில் அக்கார்டியன் ஓரங்கட்டப்பட்டது. அக்கார்டியன் கலைஞர் ஐரி லெஜூன் போன்றவர்கள் 1940களின் இறுதியில் அதை மீண்டும் ஒலிக்கச் செய்தபோதும், படித்த வர்க்கத்தாரின் ஏளனம் குறையவில்லை. பிரெஞ்சு மொழியைத் தங்கள் பிள்ளைகளிடம் பேசுவதைப் பெற்றோரே நிறுத்திக்கொண்டனர்.

1964இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவுக்குக் கேஜன் குழு ஒன்று அழைக்கப்பட்டபோது, இத்தகைய இசையை வெளியுலகுக்குக் காட்டுவது அவமானம் என்ற கருத்து உள்ளூர் நாளிதழ் ஒன்றிலேயே எழுதப்பட்டது. கடைசி நேரத்தில் கிட்டார் வாசிக்கச் சேர்க்கப்பட்ட வயலின் கலைஞர் டூயி பால்ஃபா, அதுவரை ஊர் நடனக் கூடங்களிலும் வீடுகளிலும் மிஞ்சிப்போனால் இருநூறு பேருக்கு முன்பே வாசித்துப் பழகியவர்; நியூபோர்ட்டில் ஏறத்தாழ 17,000 பேர் எழுந்து நின்று கைதட்டினர். வெளியூரில் கிடைத்த அந்தக் கரவொலியைத் தம் ஊருக்கும் கொண்டுவர வேண்டும் என்பதை அவர் வாழ்நாள் பணியாக வரித்துக்கொண்டார். பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்துக்கொண்டே, பிற்காலத்தில் வகுப்பறைகளுக்குள்ளும் வயலினை எடுத்துச் சென்ற பால்ஃபாவின் முனைப்பிலிருந்தே லஃபாயெட் விழாவின் வரலாறு தொடங்குகிறது.

1968இல் அமைக்கப்பட்ட லூசியானா பிரெஞ்சு வளர்ச்சி மன்றம், பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் கியூபெக்கிலிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்துத் தரமொழியைக் கற்பிப்பதிலேயே முதலில் முனைந்திருந்ததால், நாட்டுப்புற இசையை அது பெரிதாகக் கருதவில்லை. நாட்டாரியல் ஆய்வாளர் பாரி ஆன்சலே, பால்ஃபா, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ரால்ஃப் ரின்ஸ்லர் ஆகியோரின் வற்புறுத்தலால், 1974 மார்ச் 26 அன்று லஃபாயெட்டின் பிளாக்கம் உள்ளரங்கில் 'கேஜன் இசைக்கு வணக்கம்' என்ற நிகழ்ச்சியை அம்மன்றமே நடத்தியது. புயல்மழை பெய்த அந்த இரவில் ஏறத்தாழ 12,000 பேர் திரண்டனர். அங்கே நடனத்துக்கு இடமில்லாமல் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன என்பது சிறு செய்தியாகத் தோன்றினாலும், அதன் விளைவு பெரிது. ஆடுவதற்குப் பின்னணியாக மட்டுமே தம் இசையை அறிந்திருந்த மக்கள், முதன்முறையாக உட்கார்ந்து அதைக் கூர்ந்து கேட்டனர்; அண்டை வீட்டுக்காரரை மேடைக் கலைஞராகக் கண்டனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட மாநிலத்தின் புதிய அரசமைப்புச் சட்டம், மக்கள் தம் மொழி, பண்பாட்டு மரபுகளைப் பேணும் உரிமையை ஏற்றுக்கொண்டது.

ஆண்டுவிழாவாக வளர்ந்த இந்நிகழ்ச்சி, 1977 முதல் லஃபாயெட்டின் ஜிரார்ட் பூங்காவின் திறந்தவெளிக்கு மாறி, நடனத்தைத் திரும்பப் பெற்றது. உள்ளூர் உணவும் கைவினையும் அதனுடன் சேர்ந்தன. நுழைவுக் கட்டணம் வாங்காத இவ்விழா, கூட்டம் சேர்ப்பதற்காக நட்சத்திரங்களை நாடவில்லை. இதை நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ், மரபுத் திருவிழாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1970இல் சில நூறு பார்வையாளர்களோடு தொடங்கிய அத்திருவிழா, 2024இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை மேடையேற்றும் அளவுக்கு வளர்ந்துள்ளது. நட்சத்திரங்களால் விற்கும் நுழைவுச்சீட்டுகளின் வருவாயிலேயே நூற்றுக்கணக்கான உள்ளூர்க் குழுக்களுக்கும் ஊதியம் கிடைக்கிறது, அவ்விழாவின் அறக்கட்டளை சமூக வானொலி ஒன்றையும் நடத்துகிறது என்பதால், அந்த வழியை முற்றிலும் குறைகூற இயலாது. ஆனால் அங்கே உள்ளூர்க் குழு பெருங்கொண்டாட்டத்தின் ஒரு பகுதி. லஃபாயெட்டில் அதுவே கொண்டாட்டம். பெரிய விழா பணத்தைப் பெருக்கலாம். ஆனால் கேட்போரின் மதிப்பீட்டை மாற்றுவது, உள்ளூர்க் குழுவே நிறைவு நிகழ்ச்சியை வழங்கும் சிறிய விழாதான்.

இந்தப் பெருமையிலும் ஒரு கறை உண்டு. 1974 மேடையில் கிரியோல் கலைஞர்களும் வாசித்தனர். எனினும் நிகழ்ச்சியின் பெயரிலும், பின்னர் 'அகாடியன்' என்று மட்டும் அமைந்த விழாப் பெயரிலும் அவர்களுக்கு இடமில்லை. தம் இசை அழிந்துவிடுமோ என்று அஞ்சிய கிரியோல் மக்கள், 1982இல் பிளெய்சான்ஸ் என்னும் சிற்றூரின் வயல்வெளியில் சைடிகோவுக்கெனத் தனிவிழா எடுத்தனர். ஷெனியே 1984இல் கிராமி விருது பெற்ற பின்னரும்கூட, லஃபாயெட் விழாவின் பெயரில் 'கிரியோல்' சேர 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த மரபு விழாவும் யாருடைய மரபைத் தன் பெயரில் ஏற்றுக்கொள்கிறது, யாருடைய உழைப்பை மட்டும் மேடையில் ஏற்றுக்கொள்கிறது என்ற கேள்வியை நடத்துவோர் தாமே எழுப்பிக்கொள்ளாவிடில், ஒதுக்கப்பட்டவர்கள் வேறு பந்தல் போடுவது இயல்பே.

மற்றொரு குறை விழாவின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆண்டில் மூன்று நாட்கள் கைதட்டல் பெறும் குழுவுக்கு மற்ற வாரங்களில் வாசிக்க இடம் வேண்டும். அந்த இடமாக இருந்த ஊர் நடனக் கூடங்கள் பல மூடப்பட்டுவிட்டன. வெளி அங்கீகாரமும் நிலையானதல்ல: கேஜன், சைடிகோ இசைக்கென 2008இல் முதன்முறையாக வழங்கப்பட்ட தனிக் கிராமிப் பிரிவு, 2011இல் நீக்கப்பட்டுப் பொதுவான வட்டார இசைப் பிரிவில் கலக்கப்பட்டது. யாவற்றினும் கடுமையான இழப்பு மொழியில் நேர்ந்துள்ளது. பாட்டை ஒலியாகக் கேட்டு மனப்பாடம் செய்து பிழையின்றிப் பிரெஞ்சில் பாடும் இளைஞர், மேடையை விட்டு இறங்கியதும் ஆங்கிலத்திலேயே உரையாடுகிறார். பாட்டு பிழைத்து மொழி மெலியும் இந்நிலையில், புதிய பாடல்களை யார் எழுதுவார்கள் என்பது இம்மரபின் முன்னுள்ள தலையாய கேள்வி.

இதற்கான விடைகள் விழா முடிந்த பின் நடப்பவற்றில்தான் கிடைக்கின்றன. யூனிஸ் ஊரில் அக்கார்டியன் செய்யும் மார்க் சவ்வாவின் கடையில் சனிக்கிழமைக் காலைதோறும் முதியவரும் சிறுவரும் சேர்ந்து வாசித்துவந்த வழக்கம், பயிற்சிக் கட்டணமின்றியே பல தலைமுறைகளை இணைத்தது. மாமு ஊரின் மதுக்கடை ஒன்றிலிருந்து சனிக்கிழமைக் காலையில் நேரடியாக ஒலிபரப்பான நடன இசையும் இத்தகையதே. லஃபாயெட்டிலுள்ள பல்கலைக்கழகம் பாரம்பரிய இசைக்கெனப் பேராசிரியர் இருக்கை ஒன்றை நிறுவியுள்ளது. எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் மூழ்குமுறைப் பள்ளி வகுப்புகளில் பயின்றவர்கள் ஃபியூஃபோலே போன்ற குழுக்களில் புதிய பாடல்களை அம்மொழியிலேயே படைத்துள்ளனர். தம் சகோதரர்கள் இருவரை 1979இல் கார் விபத்தில் இழந்த பின்னரும் பால்ஃபா மேடையையும் பள்ளியையும் விடாது பற்றி நின்றதும், 1992இல் அவர் மறைந்த பின் அவருடைய மகள் தனிக் குழு அமைத்துத் தொடர்ந்ததும், மரபு கைமாறுவது வீட்டிலும் வகுப்பறையிலுமே என்பதை உறுதிப்படுத்துகின்றன.

ஆகவே, மரபிசை விழாவை நடத்தும் அரசும் அமைப்பும் பல்கலைக்கழகமும் தம் கணக்கைக் கூட்டத்தின் அளவோடு முடித்துக்கொள்ளக் கூடாது. விழாவில் வாசித்த குழுக்களில் எத்தனை அடுத்த பத்து மாதங்களில் ஊதியத்துடன் வாசித்தன, எத்தனை சிறுவர்கள் அக்குழுக்களின் கலைஞர்களிடம் கற்கத் தொடங்கினர், பாடலின் மொழியை எத்தனை பேர் பேசுகின்றனர் என்று கேட்டறிந்து, அதற்கேற்ப நிதியின் ஒரு பங்கை நடனக் கூடத்துக்கும் வகுப்பறைக்கும் திருப்பிவிட வேண்டும். இழந்த தன்மதிப்பை ஒரு விழாவால் மீட்டுத்தர முடியும் என்பதை லஃபாயெட் மெய்ப்பித்துவிட்டது. கலைஞரின் பிழைப்பையும் மொழியின் ஆயுளையும் காக்கும் பொறுப்பு, விழாவுக்கு வெளியே உள்ள பள்ளிகளையும் அரசையும் குடும்பங்களையும் சார்ந்தது.