மெய்ப்பாட்டில் வயிற்றுக்கு இடமில்லையா?

பரீட்சை மண்டபத்திலிருந்து நடுவே எழுந்து வெளியேற அனுமதி கேட்கும் மாணவனைக் கண்டு நகைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வாய்மொழிப் பரீட்சைக்குக் காத்திருக்கையில் உணவு இறங்கவில்லை என்பவளுக்கு, ‘எல்லாம் வெறும் பிரமை, மனத்தைத் திடப்படுத்து’ என்ற உபதேசமே கிடைக்கிறது. காதல்வயப்பட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பவனோ விடுதியின் வேடிக்கைப் பொருளாகிறான். வயிறு கலங்குதல் கோழைத்தனம், அன்றேல் கற்பனை என்பதே இம்மூன்றுக்கும் அடிப்படையான எண்ணமாகும். இவ்வெண்ணம் விஞ்ஞானத்துக்கும் ஒவ்வாதது. நாம் கற்கும் இலக்கண மரபுக்கும் ஒவ்வாதது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் ‘பிரமை’ என்னும் வாதத்தை நோக்குவோம். 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கான அலெக்சி சென் மார்ட்டின் என்பவரின் வயிற்றில் ஏற்பட்ட துளை மூடாது நிலைத்துவிட்டது. அத்துளையினூடே இரைப்பையின் தொழிற்பாட்டைப் பல ஆண்டுகள் அவதானித்த வைத்தியர் வில்லியம் போமொன்ட், அச்சமும் சினமும் இரைப்பையின் உட்சுவரின் தோற்றத்தையே மாற்றிவிடுவதை 1833இல் வெளியிட்ட நூலிற் பதிவு செய்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் வோல்டர் கனன் என்னும் உடற்றொழிலியலாளர் எக்ஸ் கதிர்களின் உதவியுடன் பூனைகளின் இரைப்பையை ஆராய்ந்தார். பூனை கலவரமடைந்ததும் இரைப்பையின் அசைவு நின்றது, அமைதியடைந்ததும் மீண்டது. பூனைக்கும் பிரமையா? உபதேசிகள் விடை கூறட்டும்.

நிகழ்வது இதுதான். ஆபத்தையோ பெரும் எதிர்பார்ப்பையோ மூளை உணர்ந்ததும் பரிவு நரம்புத்தொகுதி விழித்தெழுகிறது. அதிரீனற் சுரப்பி அதிரினலினைக் குருதியிற் கலக்கிறது. இதயம் விரைகிறது. ஓடுவதற்கும் போராடுவதற்கும் வேண்டிய குருதி தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. சமிபாட்டு உறுப்புகளுக்குச் செல்வது குறைகிறது. இரைப்பையின் அசைவு தளர, பெருங்குடலின் அசைவோ பலருக்கு விரைவுறுகிறது. பசியின்மையும் குமட்டலும் மலசலகூடத்தை நாடும் அவசரமும் இவ்வாறே தோன்றுகின்றன. பரீட்சகருக்காகக் காத்திருப்பதும் காதலியின் மறுமொழிக்காகக் காத்திருப்பதும் உள்ளத்துக்கு வெவ்வேறு. வயிற்றுக்கோ பெரிதும் ஒன்றே. இரண்டிலும் முடிவு நம் கையில் இல்லை.

மூளை ஆணையிட வயிறு அடங்குகிறது என்று கொள்வதும் அரைகுறை அறிவாகும். உணவுக்கால்வாயின் சுவரிற் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் உள்ளன. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகசு நரம்பின் நார்களுட் பெரும்பாலானவை செய்தியை மேலிருந்து கீழே கொணர்வனவல்ல. உறுப்புகளிலிருந்து மூளைக்குக் கொண்டுசெல்வனவே. வயிறும் பேசுகிறது, மூளையும் கேட்கிறது.

இவ்வுண்மை தமிழ் பேசுவோருக்குப் புதிதன்று. வயிற்றிற் புளியைக் கரைப்பதும், அடிவயிறு கலங்குவதும், நற்செய்தி கேட்டு வயிற்றிற் பால் வார்ப்பதும் நமது அன்றாட வழக்குகள். இவற்றை மறந்து, ஆங்கில வழக்கைப் பெயர்த்து, கதைமாந்தரின் வயிற்றில் வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிடும் எழுத்தாளர் எமது கிராமத்துக் கிழவியரிடம் பாடம் கேட்பது நன்று.

தொல்காப்பியப் பொருளதிகாரம் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்துள்ளது. அச்சமும் உவகையும் அது கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அடங்குவன. உள்ளத்து நிகழ்ச்சி உடம்பிலே புலப்படுதலே மெய்ப்பாடு. வயிற்றைத் தனித்துக் கூறிற்றா என்பதன்று கேள்வி. உள்ளத்தையும் உடலையும் இரு துருவங்களாகப் பிரிக்கவில்லை என்பதே மனங்கொள்ளத்தக்கது. தலைவியின் வளை நெகிழ்ந்ததையும் மேனி பசந்ததையும் கண்ட தோழி நகைக்கவில்லை. அவற்றைச் செய்தியாகக் கொண்டு செயற்பட்டாள். காலையில் இதனைக் குறிப்பெடுத்து, மாலையில் சோறு இறங்காத நண்பனை எள்ளி நகையாடும் நாம் எதைக் கற்றோம்?

உணர்ச்சியை அடக்குவதன்றோ கல்வியின் பயன் எனச் சிலர் வினவலாம். நடத்தையை அடக்கலாம், இரைப்பையை ஆணையிட்டு அடக்க முடியாது. வயிறு கலங்கியபடியே மண்டபத்துள் நுழைந்து வினாவுக்கு விடையளிப்பவனைக் கோழை என்பது எவ்வகை நியாயம்? கலக்கமே அறியாதவனைவிட அவனே துணிந்தவன்.

இன்னொரு தவறுக்கும் இடமளித்தலாகாது. உள்ளம் வயிற்றைக் கலக்கும் என்பதனால் வயிற்று நோவெல்லாம் உள்ளத்தின் விளைவாகிவிடாது. பரீட்சை முடிந்த பின்னரும் நீடிக்கும் நோவைப் ‘பரீட்சைப் பயம்’ என்று தட்டிக்கழிப்பதும், முன்னர்க் கூறிய நகைப்பும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்களே. அத்தகையோர் நாடவேண்டியது வைத்தியரை. நண்பரின் தீர்ப்பை அன்று.

பெரும் சீர்திருத்தம் எதனையும் நாம் கோரவில்லை. அடுத்த பரீட்சையில் ஒருவன் வெளியேற அனுமதி கேட்கும்போது மண்டபம் நகையாதிருக்கட்டும். மெய்ப்பாட்டியலை நாம் கற்றோம் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.