உடலுக்கும் உரிமை உண்டு

கந்தோரில் நாள் முழுக்கக் கணனி முன் அமரும் பெண்கள் பலர் கழுத்து வலியையும் மணிக்கட்டு வலியையும் ‘ஸபுர்’ என்று பொறுத்துக்கொள்கிறார்கள். நோயில் ஸபுர் செய்வது வேறு, நோயை வளர்ப்பது வேறு. இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கே, உடலுக்கும் உரிமை உண்டென நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். கந்தோர் வேலை அந்த வணக்கத்தைவிட மேலானதா?

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். கதிரையில் அமர்ந்தால் கால் நிலத்தில் படியாதா? சிறு பலகை வையுங்கள். மணிக்கட்டை மடிக்காமல் தட்டெழுதுங்கள். அரை மணிக்கொரு தடவை எழும்புங்கள். ளுஹருக்கு வுழூச் செய்யப் போவதும் ஓர் ஓய்வுதான். (தொழுகையையே தேகப்பயிற்சி என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை, அது இபாதத்.)

பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் விறைத்துத் தூக்கத்தைக் கெடுத்தால், மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். தைலம் பூசி நாளைக் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பிந்தினால் பெருவிரலடித் தசை மெலிந்து, சட்டியைத் தூக்கவும் பிடி இராது.