கைந்நாட்டுச் சம்மதமாகுமா?

"படியாத சனங்கள், சொன்னாலும் விளங்காது" என்கிறார்கள். மாரி மழையின் போக்கறிந்து வேளாண்மைக்கு விதைப்பு நாள் குறிக்கும் கிரான் பெண்ணுக்கா விளங்காது? விளங்கும்படி சொன்னவர் யார் என்று கேட்கிறோம்!

இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் கர்ப்பப்பைக் கழுத்துக்குப் பரிசோதனை, காசில்லை. நன்று, வரவேற்கிறோம். ஆனால், வாசிக்கத் தெரியாதவளிடம் துண்டுப்பிரசுரத்தை நீட்டிப் பெருவிரல் அடையாளம் வாங்குவது சம்மதமாகுமா? மாறுதலை முன்னரே கண்டால் புற்றாகுமுன் அகற்றலாம். மாறுதல் கண்டதெல்லாம் புற்றல்ல. சோதனைக்கு நோய் தப்புவதும் உண்டு. வேண்டாமென்று மறுக்கவும் அவளுக்கு உரிமையுண்டு. இவற்றை அவள் பேசும் தமிழிலே மருத்துவமாது சொல்லி, அவள் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்கவேண்டும். அதற்கு நேரம் வேண்டாமா? பிரசுரம் அச்சிடும் பணத்திற் பாதியை அதற்கு ஒதுக்குங்கள்!