வெபர் மாட்டிய அம்பாசடர்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கார்புரேட்டரை மாற்றுவதென்று முடிவெடுத்தால் பலரும் போய் நிற்பது வெபர் 32/36-இல்தான். பொலோனாவில் எடுவார்டோ வெபர் தொடங்கிய கம்பெனியின் பெயர்தான் வெபர். இந்தக் கார்புரேட்டர் இப்போது ஸ்பெயினில் தயாராகிறது. கோவையில் நண்பர் ஒருவரின் 1976 மார்க் 3 அம்பாசடரில், த்ராட்டில் தண்டு தேய்ந்து ஏர் வாங்கிக்கொண்டிருந்த சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்கள். மேனிஃபோல்டின் மேல் அது உட்காருவதற்கான அலுமினிய அடாப்டரை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார்கள். வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. ஆனால் சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் ஒரு நொடி இழுக்காமல் திணறியது.

வெபர் 32/36-இல் இரண்டு குழல். 32 மி.மீ. குழல் முதலில் திறக்கும். ஆக்சிலரேட்டரை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிதித்த பிறகுதான் 36 மி.மீ. குழல் திறக்கத் தொடங்கும். ஊருக்குள் ஓட்டும்வரை சின்னக் குழலே போதும் என்பதால் மைலேஜும் கிடைக்கிறது, மேட்டில் பிக்கப்பும் கிடைக்கிறது. அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினுக்கு இது பொருத்தமான அளவுதான். ஆனால் பெட்டியில் வரும்போது உள்ளே பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகள் பல இன்ஜின்களுக்கும் பொதுவாகப் போட்டவை. பித்தளை ஜெட்டின் தலையில் 140 என்று பொறித்திருந்தால் துளை 1.40 மி.மீ. என்று பொருள். 135 என்றால் 1.35. தலைமுடியின் பருமன்கூட இல்லாத இந்த வித்தியாசத்தை இன்ஜின் துல்லியமாக உணர்கிறது.

வேலைக்கு வந்த மெக்கானிக் அண்ணன் முதலில் கார்புரேட்டரைத் தொடவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து சி.பி. பாயின்ட் இடைவெளியை பில்லர் கேஜ் வைத்துப் பார்த்தார். வால்வு கிளியரன்ஸ், டைமிங், பிளக் எல்லாம் பார்த்தார். அதன் பிறகு மேனிஃபோல்டைச் சுற்றி ஏர் வாங்குகிறதா என்று பார்த்தார். இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். கரன்ட் பக்கத்துக் கோளாறுக்குப் பழி சுமந்து, எத்தனையோ நல்ல கார்புரேட்டர்கள் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன.

பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, சோக் முழுக்கத் திறந்துவிட்டதை உறுதி செய்துகொண்டார். ஐட்லிங் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி, நெம்புகோலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடத்திலிருந்து ஒரு சுற்று உள்ளே. மிக்சர் ஸ்க்ரூவை மென்மையாக மூடி, அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே. இதை இறுக்கி மூடினால் கூர்முனை நசுங்கிவிடும், அதோடு தீர்ந்தது. ஓடும் இன்ஜினில் மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்பினால் ஓரிடத்தில் இன்ஜின் தடுமாறும். வெளியே திருப்பிக்கொண்டே வந்தால் சத்தம் சீராகி, அதற்கு மேல் திருப்பினாலும் ஏறாத ஓரிடம் வரும். அந்த இடம்தான் வேண்டியது.

அந்த இடம் எத்தனை சுற்றில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டரைச் சுற்றைத் தாண்டினால், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் சின்னது. ஒன்றரைக்குள் வந்துவிட்டால் பெரியது. இந்த வண்டியில் அது மூன்று சுற்றுக்கு அருகில் வந்தது. ஐட்லிங் நிலைத்து நிற்க, ஐட்லிங் ஸ்க்ரூவையும் ஆழமாக ஏற்ற வேண்டியிருந்தது.

பல பட்டறைகளில் இங்கேயே கையைத் துடைத்துக்கொண்டு, "ஓடுதுல்லங்க, எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதில்தான். த்ராட்டில் தட்டின் விளிம்புக்குச் சற்று மேலே சிறு துளைகள் இருக்கின்றன. வண்டி கிளம்பும் நேரத்துக்கான பெட்ரோல் அவற்றின் வழியாக வர வேண்டும். ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்ற ஏற்ற, நிற்கும்போதே தட்டு அந்தத் துளைகளைத் திறந்துவிடுகிறது. மிக்சர் ஸ்க்ரூவுக்குப் பிடி போய்விடுகிறது. கிளம்பும்போது கொடுக்கத் துளைகளில் கூடுதலாக எதுவும் இல்லாததால் அந்த ஒரு நொடித் திணறல் வருகிறது. சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் குலுங்கிக்கொண்டு ஓடுவதற்கும் பல வண்டிகளில் இதுவே காரணம்.

"ஜெட்டைத்தான் மாத்தணும் தம்பி, ஸ்க்ரூவுல ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் அண்ணன். ஸ்லோ ஜெட் 60 இருந்த இடத்தில் 65 போட்டார். மிக்சர் ஸ்க்ரூ இரண்டு சுற்றுக்கு இறங்கிவந்தது, திணறல் போயிற்று. அதே நேரத்தில் வேறெதையும் அவர் மாற்றவில்லை. இரண்டை ஒன்றாக மாற்றியிருந்தால் எது குணப்படுத்தியது என்றே தெரிந்திருக்காது.

பழைய கணக்குப்படி போட்ட ஜெட் இன்று சின்னதாகிவிடுவதற்கு பெட்ரோலும் காரணம். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பெட்ரோல் பங்கில் இப்போது ஊற்றும் இ20-இல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். புது வண்டிகளில் சென்சார் இதைக் கண்டு சரிக்கட்டிவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. துளை விடுகிற அளவையே விடும், கலவை வறண்டுபோகும். பழைய கையேட்டு எண்களைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், இன்று டாங்கில் இருக்கும் பெட்ரோலுக்கே டியூன் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்காகக் கண்மூடித்தனமாகப் பெரிய ஜெட் போடவும் கூடாது. இந்த வயது கார்களுக்குப் புகைச் சான்றில் ஐட்லிங் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருந்தாக வேண்டும்.

ஊட்டிக்குப் போனால் என்ன ஆகும் என்று நண்பர் கேட்டார். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, இதே ஜெட்டில் கலவை கெட்டியாகும். பிளக் கொஞ்சம் கறுக்கும். ஓரிரு நாள் போய் வருவதற்காக ஜெட்டைத் தொட வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவர் வற்புறுத்தியது வேறு இரண்டு விஷயங்களை. பம்ப்பிலிருந்து வரும் அழுத்தம் மூன்றரை பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் வெபரின் ஊசி வால்வு தாங்காது, ஓவர்ஃப்ளோ ஆகும் என்பதால் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னார். எத்தனால் பழைய ரப்பரை உரித்துவிடும் என்பதால் டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை பெட்ரோல் ஹோஸ் அத்தனையையும் உடனே மாற்றச் சொன்னார்.