பிரம்பு நாற்காலியும் பாரீசின் கைதட்டலும்

பாரீஸ் கைதட்டினால் அது கலை. நம் ஊர்க் கொட்டகையில் ஓடினால் அது ஆபாசம். காரைக்காலில் படித்தவர் பலரிடம் இன்றும் இந்த அளவுகோல் உண்டு. 1954-இல் பிரெஞ்சுக் கொடி இறங்கிற்று. 1962-இல் ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சொல்தாக்களின் ஓய்வூதியத்தோடு, பிரெஞ்சு ரசனை என்றால் கேள்வியின்றித் தலைவணங்கும் வழக்கமும் இங்கே தங்கிவிட்டது. அந்த வழக்கத்தோடுதான் நமக்கு வழக்கு.

1974 ஜூன் 26-இல் பாரீசில் வெளியான 'எம்மானுவேல்' திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். (அப்பெயரைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழும் திருப்பெயர் வேறு; அது கிடக்கட்டும்.) பிரெஞ்சுத் தூதரக அதிகாரியின் இளம் மனைவி பாங்காக் செல்கிறாள், அங்கே காம இன்பத்தைக் 'கற்கிறாள்'. கதை அவ்வளவே. இயக்கிய ஜுஸ்ட் ஜெக்கேன் நவநாகரிக இதழ்களுக்குப் படம் பிடித்தவர். பொம்பிதுவின் ஆட்சியில் தணிக்கையில் முடங்கிய படம், ஜிஸ்கார் குடியரசுத் தலைவரானதும் வெளிவந்தது. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 90 லட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்றன. ஷான்செலிசே வீதித் திரையரங்கு ஒன்றில் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியது. விளம்பரத்தில் நாயகி அமர்ந்திருந்த பிரம்பு நாற்காலிக்கும் பிரான்சில் அவள் பெயரே நிலைத்துவிட்டது!

விமர்சகர்கள் என்ன எழுதினர்? ஒளிப்பதிவு மென்மையானது என்றனர் சிலர். அலங்கார இதழைப் புரட்டுவது போன்ற வெறுமை என்றனர் வேறு சிலர். அமெரிக்காவின் ரோஜர் ஈபர்ட் மூன்று நட்சத்திரங்கள் வழங்கினார். ஒழுக்கத்தின் பெயரால் கண்டித்தவர்களோ, எத்தனை அங்குலத் தோல் தெரிகிறது என்று அளந்துகொண்டிருந்தனர். புகழ்ந்தவர் கண்ணும் இகழ்ந்தவர் கண்ணும் ஒரே இடத்தில்தான் நிலைகுத்தி நின்றன.

அந்தப் படத்தில் ஓர் அபினிக் கூடம் வருகிறது. மாரியோ என்னும் முதிய ஐரோப்பியன் அவளை அங்கே அழைத்துச் செல்கிறான். பெயரற்ற ஆசிய ஆடவன் ஒருவன் அவளை வல்லுறவுக்கு ஆளாக்குகிறான், மாரியோ தடுக்கவில்லை. பின்னர்க் குத்துச்சண்டையில் வென்றவனுக்கு அவளே பரிசு. இதற்குத்தான் படம் 'விடுதலைக் கல்வி' என்று பெயர் சூட்டுகிறது. பாடம் நடத்துபவன் வெள்ளையன். பாடக் கருவிகளாகக் கீழ்த்திசை மாந்தர்! காலனி ஆட்சியைக் கண்ட நாமாவது இதைச் சுட்டிக்காட்ட வேண்டாமா? தோல் தெரிவதா பெரிது? ஒரு பெண்ணின் மறுப்பு மதிப்பற்றதென்று காட்டுவதும், ஒரு நாட்டு மக்களை முகமற்ற உடல்களாக்குவதும் அன்றோ அங்கே நிகழும் பெருங்கேடு?

நாயகியாக நடித்த சில்வியா கிறிஸ்டல் டச்சு நாட்டின் உட்ரெக்ட் நகரில் 1952-இல் பிறந்து, கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளியில் பயின்றவர். குழந்தைப் பருவத்தில் தனக்கு நேர்ந்த கொடுமையையும், மதுவுக்கும் கொக்கெய்னுக்கும் அடிமையான நாள்களையும் 2006-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதினார். 2012-இல் புற்றுநோயால் மறைந்தபோது வயது அறுபது. இரங்கற் செய்திகளுக்கும் அந்தப் பழைய நாற்காலிப் படமே தேவைப்பட்டது.

நம் தமிழ் இதழ்கள் மட்டும் வேறு வழியிலா சென்றன? 1980-இல் 'வண்டிச்சக்கரம்' தந்த 'சில்க்' என்னும் பட்டத்தைச் சுமந்தே வாழ்ந்த ஸ்மிதா, 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் இறந்து கிடந்தார். அதுவரை அவர் உடலை நடுப்பக்கத்தில் விற்றவர்களே கண்ணீர்க் கட்டுரைகளும் தீட்டினர்.

2024-இல் 'எம்மானுவேல்' மீண்டும் எடுக்கப்பட்டது. இம்முறை இயக்கியவர் ஒரு பெண்: 2021-இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் வென்ற ஒத்ரே திவான். நாயகியின் சொந்த விருப்பம் என்ன என்று அவர் கேட்கிறார். அது நல்ல கேள்வியே. ஆனால் கதை நடக்கும் இடம் ஆங்காங்கின் ஆடம்பர விடுதி. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஐரோப்பியப் பெண் தன்னைத் தேட ஆசிய நகரம் ஒன்றே வேண்டியிருக்கிறது. அவ்விடுதியில் படுக்கை விரிப்பவளின் விருப்பத்தை எந்த விமர்சகர் கேட்பார்?