கடைசி 400 கிலோமீட்டர்

ரொறன்ரோவில இருந்து கொழும்புக்கு நேரடி விமானம் எப்ப வரும்? எங்கட ஆக்கள் கூடுற இடமெல்லாம் இந்தக் கேள்வி வரும். என்னைக் கேட்டால், நாங்கள் பிழையான இடத்தில நேரத்தை மிச்சம் பிடிக்கப் பாக்கிறோம்.

கணக்கைப் பாருங்கோ. பியர்சனில் இருந்து கட்டுநாயக்கவுக்கு ஆகக் குறுகிய வழி ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். அது வடக்கே ஏறி, கிரீன்லாந்தைத் தாண்டி, ரஷ்யாவுக்கு மேலால் இறங்குகிற வழி. 2022 பெப்ரவரியில் இருந்து ரஷ்ய வான்வெளி கனடிய விமான நிறுவனங்களுக்குப் பூட்டு.

தூரம் மட்டும் தடையில்லை. சிங்கப்பூர்–நியூயோர்க் 15,300 கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் பறக்கிறார்கள். ஆனால் அவ்வளவு தூரத்துக்கு, எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேணும். அந்தச் செலவு ரிக்கெற்றில்தான் வந்து விழும்.

இப்ப டுபாய் வழியாகப் பாருங்கோ. 11,100 கூட்டல் 3,300, மொத்தம் 14,400 கிலோமீட்டர். சுற்று வெறும் 400தான். பறக்கிற நேரம் 17 மணித்தியாலமளவில். நேரடி விமானம் வந்தால் மிச்சம் வாறது இடையில காத்திருக்கிற மூன்று நாலு மணித்தியாலம் மட்டும்தான்.

எங்களில் கனபேரின் ஊர் யாழ்ப்பாணப் பக்கம். கட்டுநாயக்கவில இறங்கினாப் பிறகு வானில இன்னும் 400 கிலோமீட்டருக்குக் கிட்ட, ஏழெட்டு மணித்தியாலம். தூரத்தில 3 சதவீதம். ஓடுற நேரத்தில 30 சதவீதம். நெற்வேர்க் படிச்ச ஆக்களுக்கு இது தெரிஞ்ச கதை: லாஸ்ட் மைல். வீட்டு வாசலுக்கு ஃபைபர் இழுக்காமல், கடலுக்கடியில இன்னொரு கேபிள் போட்டு என்ன பிரயோசனம்?

வாசல் இருக்கு. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கோவிட்டில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. சென்னையில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் வாறது சின்ன ஏடிஆர் விமானங்கள். தனித்தனி ரிக்கெற் எண்டால், சென்னையில பெட்டியை எடுத்துத் திரும்பப் போட இந்திய விசா வேணும். முதல் விமானம் பிந்தினால் மற்றவர் பொறுப்பில்லை.

ஆகவே நாங்கள் கேக்க வேண்டியது இரண்டு: ரொறன்ரோவில இருந்து பலாலி வரைக்கும் ஒரே ரிக்கெற், பெரிய விமானம் இறங்கக்கூடிய ஓடுபாதை. இது சொகுசுக் கதையில்லை. அம்மம்மாவின்ட செத்தவீட்டுக்கு ஓடுற பிள்ளைக்கு, கடைசியாக ஒருக்கா முகம் பாக்கிறதா, ஃபோனில ஸூமைப் பாத்தபடி வானில இருக்கிறதா எண்டதை அந்த எட்டு மணித்தியாலம் தீர்மானிக்கும்.

அடுத்த முறை ரிக்கெற் தேடேக்க கொழும்போட நிக்காதேங்கோ. ஸ்காபரோ வாசலில இருந்து ஊர் வாசல் வரைக்கும் எண்ணிப் பாருங்கோ.